கைமாறும் நூல்கள்: மூர் மார்க்கெட் முதல் இணையச் சந்தை வரை

நம் இல்லத்து நூல் அடுக்கைச் சற்றே துழாவினால், நாம் அறியாத ஒருவரின் கையொப்பத்தை முதற்பக்கத்தில் தாங்கிய நூலொன்று அகப்படும். எவரோ ஒருவர், வயிற்றைச் சுருக்கிச் சேர்த்த காசில் என்றோ வாங்கிய நூல் அது. அவர் கையிலிருந்து நம் கைக்கு அது வந்து சேர்ந்த வழியை இலக்கிய வரலாறுகள் பேசுவதில்லை. எழுதியவரைப் பேசும், பதிப்பித்தவரைப் பேசும், உரை வகுத்தவரைப் பேசும். பழைய நூலைத் தூசி தட்டி எடுத்து, தகுந்த கையில் சேர்ப்பித்த வணிகரை மட்டும் அவை கண்டுகொள்வதில்லை.

வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, மறக்கப்பட்ட அந்த மனிதரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அதற்குத் தனிக் காரணமும் உண்டு. அலுவலகப் பணி முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழைய தமிழ் நூல்களைத் தேடி வாங்கி, இணையத்தின் வழியே விற்று வருபவன் நான். 2013 முதல் இப்பகுதிநேரத் தொழில் நடந்து வருகிறது. ஆதலால் இக்கட்டுரை ஒருவகையில் என் தொழிலின் குலமுறை கிளத்தல். இன்னொரு வகையில் என் பிழையின் ஒப்புதல்.

ஏடும் அச்சும்

ஓலைச்சுவடிக் காலத்தில் நூல் படியெடுத்தலால் வாழ்ந்தது. பூச்சியும் ஈரமும் ஏட்டைத் தின்னுமுன் புதிய ஓலையில் எழுதிக்கொண்டால் நூல் பிழைக்கும், இன்றேல் அழியும். பயன் தீர்ந்ததாகக் கருதப்பட்ட ஏடுகள் ஆற்றுநீரில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் உ.வே.சாமிநாதையர் நெஞ்சு பதைக்க எழுதியிருக்கிறார். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியது அவ்வழிவிலிருந்து மீட்டெடுத்த பெருஞ்செயல்.

இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. அதன் பின்னர் ஒரே நூல் நூற்றுக்கணக்கில் படிகளாகப் பெருகியது. அப்பெருக்கத்தின் விளைவாகவே பழநூல் வணிகம் தோன்றியது எனலாம். ஏடு ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர் படியெடுத்துக் கொள்வார். அச்சு நூலையோ ஒருவர் படித்து விற்க, மற்றவர் குறைந்த விலையில் வாங்கிப் படிப்பார். நூலை விலை கொடுத்து வாங்க இயலாத ஏழை மாணவனுக்கும் எளிய புலவனுக்கும் இந்த இரண்டாம் விற்பனையே நூலகமாக விளங்கியது.

சென்னையின் குஜிலிக் கடைகளில் மலிவு விலைக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களை எந்தப் பண்டிதரும் மதித்ததில்லை. கொலைச் சிந்தும், இரயில் பாட்டும், வெள்ளக் கும்மியும் அறிஞர் பெருமக்களின் அலமாரியில் இடம் பெறவில்லை. ஆயினும் ஆ.இரா.வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் அவற்றின் வரலாற்றை எழுத முடிந்தது. மதிப்பற்றதென ஒதுக்கப்பட்டதையும் யாரோ சிலர் எறியாமல் வைத்திருந்ததே அதற்குக் காரணம்.

செங்கல் மாளிகையும் அதன் அழிவும்

பழநூல் என்றதும் சென்னைவாசிகளில் மூத்தோர் நினைவில் எழுவது மூர் மார்க்கெட். சென்னை மாநகராட்சித் தலைவராக விளங்கிய சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் அது திறக்கப்பட்டது. சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே, இந்தோ-சாரசனிக் பாணியில் செந்நிறச் செங்கல் மாளிகையாக அது நின்றது. கிராமபோன் தட்டு, பழைய நாற்காலி, கடிகாரம், கூண்டுக்கிளி என அங்கே கிடைக்காத பொருள் இல்லை. அவற்றுக்கிடையே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக அமைந்திருந்தன.

அங்கே விலை என்பது இரு முகங்களுக்கிடையே பிறந்தது. வாங்குபவரின் கண்ணில் ஆவல் மின்னினால் விலை ஏறும். ஆகவே வேண்டிய நூலைக் கையில் எடுக்காமல் வேறொன்றை எடுத்துப் பேரம் பேசி, போகிறபோக்கில் 'இதையும் சேர்த்துக் கொடுங்கள்' என்று கேட்பது தேர்ந்தவர் வழக்கம். கடைக்காரரோ அவரினும் தேர்ந்தவர். பள்ளியில் அதிகம் பயிலாதவராயினும், எந்தப் பேராசிரியருக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, அது வந்ததும் துணியில் சுற்றித் தனியே எடுத்து வைப்பார். அட்டவணை அச்சிடப்படாத நூலகத்தின் நடமாடும் அட்டவணை அவர்.

1985 மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்நிலத்தில் பின்னர் புறநகர் இரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. வணிகருக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. கடைகள் இடம் மாறின. எரிந்த நூல்களுக்கு இடம் மாறும் வாய்ப்புக் கிட்டவில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1981இல், அதே மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை நாம் அறிவோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. பின்னதைச் செய்தது இனப்பகை; இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பிழை. ஆயினும் இரண்டும் ஒரு பாடத்தைப் புகட்டின. ஒரே கூரையின் கீழ் குவிந்த நூல்கள் ஒரே இரவில் மறையக்கூடும். பல வீடுகளில் சிதறிக் கிடக்கும் படிகளே அப்போது நமக்கு மிஞ்சுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவரும் அரும்பணிக்கு அத்தகைய படிகள் பெருந்துணை.

சிதறியதைச் சேர்த்த பெருந்தகையாகக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்ல வேண்டும். 1906இல் பிறந்த அவர் நூல்களோடு இதழ்கள், நாடக அறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் என யாவற்றையும் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும் அதைக் கடல் கடந்து கொண்டு செல்லாமல், சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. தனி மனிதர் ஒருவரின் சேர்க்கை பொதுச் சொத்தாக மாறிய நிகழ்ச்சி அது. தொகுப்பு பிரியாமல் ஒன்றாக இருந்ததே அதன் சிறப்பு. இக்கருத்தை வாசக அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் எனக்கு அது தேவைப்படும்.

முகமில்லாச் சந்தை

1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் இணைய ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதில் விற்ற முதற்பொருள் பழுதடைந்த லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். அத்தளமே 1997இல் ஈபே என்று பெயர் பூண்டது. பழநூலுக்கெனத் தனித்தளமான ஏப்புக்ஸ் 1996இல் கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து இயங்கத் தொடங்கியது. 2008இல் அமேசான் அதனை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 2000இல் தோன்றிய பாஸீ என்னும் தளம் 2004இல் ஈபேயின் கைக்குச் சென்றது. அவ்விந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. கையில் கடையின்றி, முன்பணமின்றி, வீட்டுத் திண்ணையிலிருந்தே வணிகம் செய்யும் வழியை இவை திறந்தன. நானும் அவ்வழியில் புகுந்தவனே. தளம் மூடப்பட்டபின் முகநூல் குழுக்களும் வாட்ஸ்அப் பட்டியல்களும் எங்களுக்குக் கடைத்தெரு ஆயின.

எங்கள் சரக்கு பெரும்பாலும் பழைய பேப்பர் கடையிலிருந்து வருகிறது. வீட்டுப் பெரியவர் மறைந்து, காரியங்கள் முடிந்த மறுவாரம், அவர் அலமாரி தராசில் ஏறுகிறது. செய்தித்தாளுக்கு ஒரு விலை, நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. தராசுக்குக் கம்பனும் தெரியாது, கணக்கு வழிகாட்டியும் தெரியாது. ஆலைக்குச் செல்லும் வண்டி வருமுன் நாங்கள் போய்ச் சேர வேண்டும். இது ஒரு நாள், அரை நாள் கணக்கில் நடக்கும் பந்தயம்.

கொணர்ந்த நூலைப் பக்கம் பக்கமாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அடுத்தது காலம் கணித்தல். பழைய நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெயர் மீண்டும் வரும். சர்வசித்து என்று கண்டால் அது 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். முதலாவதைப் பொன் என்பார், இரண்டாவதை வெள்ளி என்பார். தவறாகச் சொன்னவரைப் பொய்யர் என்பார். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் நயா பைசா வந்தது. அச்சக முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருப்பின் 1972க்குப் பிந்தியது. லை, னை ஆகிய எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் இருப்பின், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். இவற்றையெல்லாம் கூட்டி எழுதும் பத்து வரி விவரக் குறிப்பே எங்கள் தொழிலின் உயிர். வாங்குபவர் நூலைத் தொட்டுப் பார்க்க இயலாது. எங்கள் சொல்லையே தொட்டுப் பார்க்கிறார். புகார் நகர வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் நிகராக மதித்தனர் என்று பட்டினப்பாலை போற்றும் நடுவுநிலைமை, எங்கள் காலத்தில் அப்பத்து வரிக்குள் அடங்கியிருக்கிறது.

இணையம் விலையின் இயல்பையும் மாற்றிவிட்டது. ஒருவர் ஒரு நூலுக்கு 5,000 ரூபாய் என்று குறித்தால், மற்றவரும் அதைப் பார்த்து 4,800 என்று குறிப்பர். இருவர் நூலும் ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும். கேட்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு என்பதை அறியாமல் இத்தொழிலில் இறங்கி நட்டமடைந்தோர் பலர். மூர் மார்க்கெட் கடைக்காரர் ஏழை மாணவன் முகம் கண்டு விலை குறைத்ததுண்டு. திரையில் முகம் இல்லை. ஆகவே அந்தத் தள்ளுபடியும் இல்லை.

அஞ்சலின் கதையும் இதனோடு பிணைந்தது. நூல்களைக் குறைந்த செலவில் பதிவு அஞ்சலாக அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பர் 18 முதல் நிறுத்தப்பட்டது. 2025இல் பதிவு அஞ்சலே விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. தடித்த அகராதி இம்மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். அறுபது பக்கக் கவிதைத் தொகுதியோ தன் விலையைவிட மிகுந்த கட்டணத்தோடு பயணம் செய்ய நேர்கிறது. கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் இதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒரு பிழை

இனி என் ஒப்புதல். 2015ஆம் ஆண்டு மழைக்காலத்திற்கு முன், சிற்றூர் ஒன்றில் மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் நூல்கள் எடைக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டு ஓடினேன். கட்டுகளுக்கிடையே சி.சு.செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழ்கள் இருந்தன. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை வெளிவந்து, புதுக்கவிதைக்குக் களமாக விளங்கிய இதழ் அது என்பதை இங்கு எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய முழு வரிசையும் அங்கே கிடைத்தது. ஆசிரியரின் துணைவியார், 'யாராவது படித்தால் சரிதானப்பா' என்று சொல்லி, எடைக்குரிய பணம் மட்டும் பெற்றுக்கொண்டார்.

இதழ்களின் ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. படித்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. கவிதைகளின் அருகே 'இது கவிதையா?' என்றொரு கேள்வி. பல மாதங்களுக்குப் பின் அதே பக்கத்தில், 'ஆம்' என்று வேறு மையில் ஒரு சொல். யாப்பில் ஊறிய மனம் ஒன்று புதுக்கவிதையோடு பத்தாண்டுகள் வாதிட்டு மெல்ல இளகிய கதை அவ்வோரங்களில் எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் படித்து மகிழ்ந்தேன். பின்னர் இதழ்களைத் தனித்தனியே விற்றேன். முழு வரிசையாக விற்றால் ஒருவரே வாங்க வேண்டும். தனியாக விற்றால் கூடுதல் பணம் வரும். 'பென்சில் குறிப்புகள் உள்ளன' என்பதைக் குறையாகவே விவரத்தில் எழுதினேன். சிலவற்றை அழிப்பானால் அழிக்கவும் செய்தேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆய்வு மாணவி ஒருவர் கடிதம் எழுதினார். அந்த ஆசிரியரின் மாணவர்களில் இருவர் பின்னாளில் கவிஞர்களானவர்கள். அவர் வகுப்பில் 'எழுத்து' இதழை வாசித்துக் காட்டுவார் என்று அவர்கள் கூறியதைக் கேட்டு, அவ்விதழ்களைத் தேடி அவர் ஆசிரியர் வீடு வரை சென்றிருக்கிறார். துணைவியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருந்ததோ பணம் வந்த கணக்கு மட்டுமே; எந்த இதழ் எவரிடம் சென்றது என்ற குறிப்பு இல்லை. நினைவைக் கொண்டு ஒன்பது பேருக்கு எழுதினேன். நால்வர் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினர். மற்றவை போயின. அச்சிட்ட இதழ் எண்ணிம நூலகங்களில் கிடைக்கலாம். அந்தப் பென்சில் எழுத்துகள் உலகில் ஒரே படி. அதைத் தீயும் வெள்ளமும் அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன். ரோஜா முத்தையாவின் தொகுப்பு பிரியாதிருந்ததன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன்.

வழியும் வரம்பும்

பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னைப் போன்ற சிறு வணிகனுக்கு மட்டும் உரியதன்று. தரங்கம்பாடியில் 1715இல் அச்சான சீகன்பால்கின் தமிழ் புதிய ஏற்பாட்டுப் படி ஒன்று, சரபோஜி மன்னர் கையொப்பத்துடன் தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது. அது 2005இல் காணாமற்போயிற்று. 2022இல் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் அதை இலண்டன் நகரத்துச் சேகரிப்பு ஒன்றில், அதன் இணையப் பக்கத்தின் துணையோடு அடையாளம் கண்டனர். கைமாறும் பொருளை மறைக்க உதவும் வலை, அதைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது. மன்னர் கையொப்பம் இருந்ததால் அந்நூல் அடையாளம் பெற்றது. பழைய உடைமையாளர் பெயரை மாசு என்று கருதி அழிப்பவர் எவ்வளவு பெரிய சான்றை அழிக்கிறார் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

சட்டமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் இலக்கிய, வரலாற்று மதிப்பும் வாய்ந்த கையெழுத்துப் படிகள் தொல்பொருளாகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. பழங்கட்டில் ஓலைச்சுவடி அகப்பட்டால் அதை விலைப்பட்டியலில் ஏற்றாமல் சுவடிப் புலமுள்ள நூலகத்துக்கு எடுத்துச் செல்வதே எங்கள் கடமை.

2018க்குப் பின் நான் சில வழக்கங்களைக் கைக்கொண்டுள்ளேன். வாங்கும் ஒவ்வொரு கட்டுக்கும் வரவேட்டில் ஒரு பக்கம்: எவர் வீட்டிலிருந்து வந்தது, எவை இருந்தன, எவை எவரிடம் சென்றன. கையெழுத்து உள்ள பக்கம் யாவும் விற்பனைக்கு முன் படமெடுக்கப்படும். ஒருவர் சேர்த்த இதழ் வரிசை பிரிக்கப்படாது. முதலில் நூலகத்துக்கு அறிவிக்கப்படும். இதனால் வருவாய் குறைந்தது உண்மை. மாதச் சம்பளம் வேறு இருப்பதால் பகுதிநேர வணிகனுக்கு இக்குறைவு தாங்கக்கூடியது. முழுநேரமும் இதையே நம்பி நடைபாதையில் கடை விரித்திருப்பவரிடம் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. அவருக்குப் பட்டியலிட உதவும் கடமை நமக்கு உண்டு.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் நூல்களும் கையெழுத்துப் படிகளும் தமக்குப் பின் எங்கே செல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் ஒன்றும் வட்டத்திடம் ஒன்றுமாகக் கொடுத்து வைப்போம். மூத்த உறுப்பினர் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் இருவர் சென்று நூல் விவரம் எழுதி வருவோம். பெருஞ்செலவில்லாப் பணி இது. ஒரு நோட்டும் ஒரு கைப்பேசியும் போதும்.

சென்ற ஆண்டு பேப்பர் கடைக் கட்டொன்றில் நம் வட்டத்தின் முதற் கவிதைத் தொகுப்பே என் கையில் அகப்பட்டது. 'படித்துக் கருத்துச் சொல்லுங்கள், அன்புடன்' என்று நம்மில் ஒருவர் எழுதிக் கொடுத்த படி. பெற்றவர் பெயரை நான் வெளியிடப் போவதில்லை. இரண்டு தாள்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். அதை விற்கவில்லை. வரவேட்டில் முறைப்படி பதிந்து, வட்டத்தின் அலமாரியில் வைத்துவிட்டேன். தாள்களை வெட்டிப் படித்துக் கருத்துச் சொல்ல விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம்.